ஒரே தெரு... இரண்டு நாடு... இரண்டு கடிகாரம்!

உக்ரைனின் மேற்கு மூலையில் முன்காச் என்று ஒரு நகரம். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜோக் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர், வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் பேச்சுக் கொடுக்கிறார்.

"எங்கே பிறந்தீங்க பெரியவரே?"

"ஆஸ்திரியா-ஹங்கேரியில."

"படிச்சது?"

"செக்கோஸ்லோவாகியாவுல."

"கல்யாணம்?"

"ஹங்கேரியில."

"வேலை பார்த்தது?"

"சோவியத் யூனியன்ல."

"இப்போ இருக்கிறது?"

"உக்ரைன்ல."

"அடேயப்பா, நிறைய ஊர் சுத்தியிருக்கீங்களே!"

"நானா? முன்காச்சை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லையேப்பா!"

சிரிப்பு வருகிற கதைதான். ஆனால், முன்காச்சுக்கு மேற்கே, ஸ்லோவாகியாவும் உக்ரைனும் சந்திக்கிற இடத்தில் உள்ள செல்மென்ஸ் கிராமத்தில் இந்த ஜோக்கைச் சொன்னால், கேட்பவர்கள் ஒரு திருத்தம் சொல்லக்கூடும். மற்ற ஊர்களில் எல்லைக்கோடு ஊரைத் தாண்டி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகர்ந்து போனது. செல்மென்ஸில் அது ஊருக்கு நடுவிலேயே வந்து நின்றுவிட்டது. தெருவின் ஒரு பாதி ஒரு நாட்டில். மறுபாதி வேறு நாட்டில்.

பெரிய ஊர், சின்ன ஊர்

தட்டையான சமவெளி. தெருவைப் பார்த்து குறுகிய பக்கத்தைக் காட்டி, பின்னால் நீளமாக ஓடும் ஓட்டு வீடுகள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் வயல். ஹங்கேரிய மொழி பேசும் கிராமங்களில் பரவலாகக் காணக்கூடிய அமைப்புதான் இது. பார்த்தவுடன் வியக்க வைக்கும் அழகு எதுவும் இங்கே இல்லை. கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்காது.

உண்மையில் இவை ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் கிராமங்கள். நாஜ்செல்மென்ஸ், கிஷ்செல்மென்ஸ். ஹங்கேரிய மொழியில் 'நாஜ்' என்றால் பெரிய, 'கிஷ்' என்றால் சின்ன. பெரிய செல்மென்ஸில் சுமார் 600 பேர், சின்ன செல்மென்ஸில் சுமார் 200 பேர். எங்கே பெரியது முடிகிறது, எங்கே சின்னது தொடங்குகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பெரியதில் பெண் எடுத்தார்கள், சின்னதில் பெண் கொடுத்தார்கள். அண்ணன் இங்கே வீடு கட்டினால், தம்பி நாலு வீடு தள்ளி அங்கே கட்டினார்.

இன்றைய வரைபடத்தில் பெரிய செல்மென்ஸ், 'வெல்கே ஸ்லெமென்சே' என்ற பெயரில் ஸ்லோவாகியாவில் இருக்கிறது. சின்ன செல்மென்ஸ், 'மாலி செல்மென்சி' என்ற பெயரில் உக்ரைனில் இருக்கிறது. இரண்டிலும் வீட்டுக்குள் பேசுவது ஹங்கேரிய மொழி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்லோவாக்கும் உக்ரைனிய மொழியும் ஸ்லாவிய குடும்பத்தைச் சேர்ந்த உறவுக்கார மொழிகள். இதைப் பேசுபவருக்கு அது கொஞ்சமாவது பிடிபடும். ஹங்கேரியமோ இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது. ஃபின்லாந்து, எஸ்டோனியா மொழிகள்தான் அதற்குத் தூரத்துச் சொந்தம். பெயர் எழுதும் முறைகூட வேறு. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் வைத்து, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவார்கள்.

அதனால் எல்லை நகரும்போதெல்லாம் பெயரும் மாறியது. வீட்டில் 'யானோஷ்' என்று கூப்பிடப்படுகிற ஆள், ஸ்லோவாக் காகிதத்தில் 'யான்' ஆனார். சோவியத் காகிதத்தில் 'இவான்' ஆனார்; போதாக்குறைக்கு அப்பா பெயரையும் ரஷ்ய பாணியில் நடுவில் செருகினார்கள், எல்லாவற்றையும் சிரிலிக் எழுத்தில் எழுதினார்கள். அம்மா வாயில் மட்டும் அவர் கடைசி வரை யானோஷ்தான்.

வரைபடம் மாறிய கதை

1918 வரை இந்த ஊர் ஹங்கேரி ராஜ்ஜியத்தின் உங் மாவட்டத்தில் இருந்தது. பெரிய வேலை எதுவென்றாலும் போக வேண்டிய நகரம் உங்வார். அதுதான் இன்றைய உஷ்ஹோரோட். முதல் உலகப் போரில் ஆஸ்திரியா-ஹங்கேரி தோற்றது. 1920 ஜூன் 4-ல் கையெழுத்தான டிரியனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாகியாவுக்கு இந்தப் பகுதி போனது. புதுக் கொடி, புது நாணயம், அலுவலகத்தில் புது மொழி. ஆனால் ஊர் முழுசாக இருந்தது. இரண்டு செல்மென்ஸும் ஒரே நாட்டில்தான் இருந்தன.

1938 நவம்பர் 2-ல் ஜெர்மனியும் இத்தாலியும் வியன்னாவில் உட்கார்ந்து, ஹங்கேரியர்கள் அதிகம் வாழும் தெற்கு ஸ்லோவாகியாவை ஹங்கேரிக்குத் திருப்பிக் கொடுத்தன. ஹங்கேரிய கிராமங்கள் பலவற்றில் அன்று கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் வந்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் யூதக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1944 வசந்த காலத்தில் அவர்களை உங்வாரில் அடைத்து வைத்து, அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் சோவியத்தின் செஞ்சேனை வந்தது. நவம்பரில் கார்பேத்தியன் அடிவாரத்துக் கிராமங்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 18 முதல் 50 வயது வரையுள்ள ஹங்கேரிய, ஜெர்மானிய ஆண்கள் எல்லோரும் வர வேண்டும், மூன்று நாள் வேலை இருக்கிறது. 'மாலென்காயா ரபோட்டா', அதாவது 'சின்ன வேலை' என்றார்கள். நம்பிப் போனவர்களை சோய்வா முகாமுக்கு நடத்திச் சென்றார்கள். அங்கிருந்து சோவியத் யூனியனின் உட்பகுதிக்கு. டைபஸ் காய்ச்சலிலும் பசியிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்துபோனார்கள். 'மாலென்கி ரோபோட்' என்ற சொல்லை இன்றும் அந்தப் பகுதி ஹங்கேரியர்கள் சாதாரணமாக உச்சரிப்பதில்லை.

அடுத்து 1945 ஜூன் 29. செக்கோஸ்லோவாகியா, கார்பேத்தியன் அடிவாரத்து மாகாணத்தை சோவியத் யூனியனுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டது. இதில் ஒரு விசித்திரம். போருக்கு முன்பு ஸ்லோவாகியாவுக்கும் அந்த மாகாணத்துக்கும் இடையே இருந்த பழைய கோடு செல்மென்ஸ் வழியாகப் போகவே இல்லை. இரண்டு செல்மென்ஸும் ஸ்லோவாகியாவின் பக்கம்தான் இருந்தன. ஆனால் சோப் என்ற ரயில் சந்திப்பு சோவியத்துக்குத் தேவைப்பட்டது. சோப்பும் அதையொட்டிய கிராமங்கள் சிலவும் அவர்களிடம் போக, கோடு மேற்கே தள்ளிப் போனது. பெரிய செல்மென்ஸுக்கும் சின்ன செல்மென்ஸுக்கும் நடுவில் இறங்கியது. ஊரில் யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா

முதலில் காவல், பிறகு முள்வேலி, பலகை வேலி, காவல் கோபுரம். பாட்டி வீடு ஒரு பக்கம், பேத்தி வீடு மறுபக்கம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற வீட்டுக்குப் போக, விண்ணப்பம், அழைப்புக் கடிதம், அனுமதி, மாதக்கணக்கில் காத்திருப்பு. பிறகு வேறொரு எல்லைச் சாவடி வழியாகச் சுற்றுப் பயணம். பெரும்பாலானோருக்கு அந்த அனுமதியும் கிடைக்கவில்லை.

எந்தப் பக்கம் மாட்டியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்? மேற்குப் பக்கம்தான் என்று தோன்றும். ஆரம்ப ஆண்டுகளில் அப்படிச் சொல்ல முடியாது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியா தன் ஹங்கேரியர்களைத் தேசத் துரோகிகளாகப் பார்த்தது. 1945-ல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஹங்கேரிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் செக் பகுதிகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். இன்னும் பல்லாயிரம் பேர் மக்கள் பரிமாற்றம் என்ற பெயரில் ஹங்கேரிக்கு அனுப்பப்பட்டார்கள். 1948-ல்தான் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. ஆக, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு நாடு இல்லை. அந்தப் பக்கம் நின்றவருக்கு விருப்பமில்லாத ஒரு நாடு இருந்தது.

வேலியோரம் நின்று பேசக் கூடாது என்பது கட்டளை. ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வயலில் களை எடுக்கும்போது பாடுவார்கள். பாட்டுப் பாடுவதைக் காவலர் எப்படித் தடுப்பார்? அதுவும் அவருக்குப் புரியாத மொழியில். பழைய நாட்டுப்புற மெட்டு; வரிகள் மட்டும் அன்றன்றைக்குப் புதிது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, எந்தத் தாத்தா காலமானார், எப்போது அடக்கம் என்பதெல்லாம் பாட்டோடு பாட்டாக வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நிற்கிற ஆள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொள்வார். அம்மா இறந்த செய்தியைக்கூட அப்படித்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல் வேலையைத் தொடர வேண்டும்.

வேலி மனிதர்களுக்கு மட்டும்தான் இருந்தது என்பதற்கு அந்தச் சமவெளியிலேயே சாட்சிகள் உண்டு. செல்மென்ஸுக்குப் பக்கத்து நகரம் வெல்கே கபுஷானி. ஹங்கேரியர்கள் அதை நாஜ்கபோஷ் என்பார்கள். சைபீரியா பக்கமிருந்து வந்த எரிவாயு அங்கேதான் ஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தது. 1967 முதல் செக்கோஸ்லோவாகியாவுக்கு எரிவாயு கொண்டுவந்த அந்தக் குழாய்த் தடத்துக்கு வைத்த பெயர் 'சகோதரத்துவம்'! உடன்பிறந்த சகோதரர்கள் வேலிக்கு இரு பக்கமும் நின்றுகொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர் அது. சோவியத்தின் இரும்புத் தாது நேராகக் கோஷிட்சே உருக்காலைக்குப் போக வேண்டும் என்பதற்காக, சோவியத் அளவிலேயே அகலப் பாதை ஒன்றை எல்லை தாண்டிப் போட்டார்கள். 1966-ல் அதில் சரக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாகியாவை அடக்க சோவியத் டாங்குகள் புறப்பட்டபோது, ஒரு படை இதே உஷ்ஹோரோட் பக்கமிருந்துதான் உள்ளே நுழைந்தது. வாயு வந்தது, தாது வந்தது, டாங்கும் வந்தது. நாலு வீடு தள்ளியிருந்த பெரியம்மாதான் வர முடியவில்லை.

பெர்லின் சுவர் 1961-ல் எழுந்து 1989-ல் விழுந்தது, 28 ஆண்டுகள். 'குட்டி பெர்லின்' என்று பத்திரிகைகள் அழைத்த செல்மென்ஸில் அது விழுந்த பிறகும் வேலி விழவில்லை. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்து உக்ரைன் தனி நாடானது. 1993-ல் செக்கோஸ்லோவாகியா பிரிந்து ஸ்லோவாகியா தனி நாடானது. வேலியின் இரு பக்கமும் கொடிகள் மாறின. வேலி அப்படியே நின்றது.

பாதிக் கதவு

2000-ல் ஹங்கேரிய எழுத்தாளர் ஸெலெய் மிக்லோஷ், இந்த ஊரைப் பற்றி 'இரண்டாகப் பூட்டப்பட்ட கிராமம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். வெளியுலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

2003-ல் ஊரில் ஒரு வேலை செய்தார்கள். ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் வாழும் செகெய் என்ற ஹங்கேரியப் பிரிவினர், வீட்டு வாசலில் மரத்தில் செதுக்கிய பெரிய அலங்காரக் கதவு வைப்பார்கள். அப்படி ஒரு கதவைச் செய்து, அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பெரிய செல்மென்ஸிலும் மறுபாதியைச் சின்ன செல்மென்ஸிலும் நட்டார்கள். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவே வேலியுடன் நின்றன. ஒன்றாக இருந்த செல்மென்ஸ் இரண்டானது, படைத்தவனே அதை மீண்டும் ஒன்றாக்கட்டும் என்ற பிரார்த்தனையை அதில் செதுக்கினார்கள். அரசாங்கங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போன மனுக்களைவிட, இந்தப் பாதிக் கதவின் புகைப்படம் அதிக தூரம் போயிருக்கும். 2004-ல் ஊர்க்காரர்களின் தரப்பு, வாஷிங்டனில் அமெரிக்க காங்கிரஸின் மனித உரிமைக் குழு வரை போய்த் தங்கள் கதையைச் சொன்னது. பக்கத்து வீட்டுக்குப் போக வழி கேட்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது!

கடைசியில் 2005 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, வேலியில் ஒரு வழி திறந்தது. காரில் போக முடியாது. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய வட்டத்து நாடுகளின் குடிமக்களும் உக்ரைன் குடிமக்களும் மட்டும் போகலாம். 60 வருடங்களுக்குப் பிறகு கிழவர்களும் கிழவிகளும் கையில் பாஸ்போர்ட்டோடு தங்கள் சொந்தத் தெருவில் நடந்தார்கள். பலர் தேடிப் போன ஆட்கள் அதற்குள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

திறந்த வழி, இறுகிய விசா

இதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று முடிக்க முடிந்தால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. ஸ்லோவாகியா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு உக்ரைன் போக விசா வேண்டாம். உக்ரைன் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஸ்லோவாகியா வர விசா வேண்டும். அதற்கு உஷ்ஹோரோட் நகரத்துக்குப் போய், தூதரக அலுவலகத்தில் நிற்க வேண்டும். பெரிய செல்மென்ஸ்காரர் லுங்கி மாற்றாமல் போய் வரலாம் என்றால், சின்ன செல்மென்ஸ்காரர் நகரத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத்தான் வரலாம். 2007 டிசம்பர் 21-ல் ஸ்லோவாகியா ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்தபோது இந்த நிலை இன்னும் இறுகியது. 97 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஸ்லோவாக்-உக்ரைன் எல்லை, ஷெங்கன் வட்டத்தின் வெளி மதிலாக மாறியது. முள்கம்பி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது.

அடுத்த ஆண்டு ஒரு சலுகை வந்தது. எல்லையோரம் குடியிருப்பவர்களுக்குத் தனி அனுமதி அட்டை. அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் எல்லையோரப் பகுதிக்குள் மட்டும் போய் வரலாம். 2017 ஜூனில் பயோமெட்ரிக் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உக்ரைனியர்கள் எல்லோருக்குமே குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை என்றானது. வழி திறந்து பதினோரு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் சின்ன செல்மென்ஸ் கடைத்தெருவாகிவிட்டது. ஸ்லோவாகியாவைவிட உக்ரைனில் எல்லாமே மலிவு. சிகரெட், மது, மிட்டாய், துணிமணி எல்லாம் விற்கும் கடைகள் எல்லைக் கதவை ஒட்டி வரிசையாக முளைத்தன. 2009-ல் ஸ்லோவாகியா யூரோவுக்கு மாற, கடைக்காரர்களும் யூரோவில் விலை சொல்லத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்கள் சந்திக்க வேண்டும் என்று கேட்டுத் திறந்த வழியில், சொந்தமே இல்லாத ஆட்கள் கூடை கூடையாய்ச் சாமான் வாங்கிப் போனார்கள். ஒருவர் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் சிகரெட் கொண்டு வரக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. யாரோஸ்லாவ் வோய்டெக் என்ற ஸ்லோவாக் இயக்குநர் 2009-ல் எடுத்த 'ஹ்ரானிட்சா' என்ற ஆவணப்படம், அதாவது 'எல்லை', இந்த ஊரைப் பற்றியதுதான்.

சிகரெட் என்றதும் ஒரு கிளைக்கதை. 2012 ஜூலையில் இதே எல்லையில், உஷ்ஹோரோட் பக்கம், ஸ்லோவாக் போலீஸார் ஒரு சுரங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 700 மீட்டர் நீளம். உள்ளே தண்டவாளமும் குட்டி ரயிலும். 25 லட்சம் சிகரெட்டுகள் பிடிபட்டன. கடத்தல்காரர்கள் ரயிலே விட்டுவிட்டார்கள். செல்மென்ஸ்காரர்கள் 60 வருடம் ஒரு கதவுக்காகக் காத்திருந்தார்கள்.

எந்த பாஸ்போர்ட்?

2010-ல் ஹங்கேரி ஒரு சட்டம் போட்டது. பழைய ஹங்கேரியில் வாழ்ந்தவர்களின் வாரிசுகள், ஹங்கேரிய மொழி தெரிந்திருந்தால், இருந்த இடத்திலிருந்தே ஹங்கேரியக் குடியுரிமை வாங்கலாம் என்பது அந்தச் சட்டம். பக்கத்து நாடான ஸ்லோவாகியா அதே நாளில் பதில் சட்டம் போட்டது. விண்ணப்பித்து வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால், ஸ்லோவாகியாவின் குடியுரிமை போய்விடும்!

ஒரே பாட்டியின் இரண்டு பேரன்களை நினைத்துப் பாருங்கள். பெரிய செல்மென்ஸில் உள்ளவர் ஹங்கேரிய பாஸ்போர்ட் வாங்கினால், பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவராகிவிடுவார். அதனால் அங்கே பெரும்பாலானோர் பேசாமல் இருந்துவிட்டார்கள். சின்ன செல்மென்ஸ் பக்கமோ நிலைமை வேறு. உக்ரைனும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லைதான். ஆனாலும் அந்த வட்டாரத்து ஹங்கேரியர்கள் பெரும் எண்ணிக்கையில் வாங்கினார்கள். கையில் ஹங்கேரிய பாஸ்போர்ட் வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன். செக் நாட்டில் தொழிற்சாலை வேலை, ஹங்கேரியில் கட்டட வேலை, ஜெர்மனியில் முதியோர் பராமரிப்பு என்று வாசல்கள் திறந்தன. இளசுகள் கிளம்பினார்கள். வேலி இருந்தவரை போக முடியாமல் ஊரில் இருந்தார்கள். வழி கிடைத்ததும் ஊரில் இருக்கக் காரணம் இல்லாமல் போனது. மொழியையும் பள்ளியையும் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் பிள்ளைகள் வேண்டும். எல்லைக் கிராமங்கள் பலவற்றின் இன்றைய கவலை இதுதான்.

ஸ்லோவாகியா 2022-ல் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. உக்ரைனில் 2017-ல் வந்த கல்விச் சட்டம், ஐந்தாம் வகுப்பு முதல் பாடங்களை உக்ரைனிய மொழிக்கு மாற்றச் சொல்லி ஹங்கேரியுடன் பெரும் தகராறை உண்டாக்கியது. ரஷ்ய மொழியின் ஆதிக்கத்தைக் குறைக்கப் போட்ட சட்டம், ஹங்கேரியப் பள்ளிகளையும் இழுத்துக்கொண்டது. 2023 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள்.

மீண்டும் ஆண்கள்

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த சில நாட்களில் உக்ரைனின் கிழக்கிலிருந்தும் நடுவிலிருந்தும் லட்சக்கணக்கானோர் மேற்கு எல்லையை நோக்கி ஓடி வந்தார்கள். உஷ்ஹோரோட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் நினைவிருக்கும். அவர்கள் வெளியேற இந்தியத் தூதரகம் சொன்ன வழிகளில் ஒன்று சோப். ஆம், எந்த ரயில் சந்திப்புக்காக 1945-ல் கோடு நகர்ந்ததோ அதே சோப். இந்திய விமானங்கள் அவர்களை ஏற்றிக்கொண்ட நகரங்களில் ஒன்று கோஷிட்சே.

செல்மென்ஸின் நடைபாதையும் அப்போது அகதிகளின் வழியானது. பெட்டியை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பெரிய செல்மென்ஸ் பக்கம் சூப்பும் தேநீரும் போர்வையும் காத்திருந்தன. வந்தவர்களில் ஆண்கள் அதிகம் இல்லை. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உக்ரைன் ஆணையிட்டிருந்தது. ஆகவே சின்ன செல்மென்ஸில் இருக்கும் மனைவி தெருவைக் கடந்து பெரிய செல்மென்ஸில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகலாம். கணவர் எல்லைக் கதவு வரை வந்து கையசைக்கலாம். 2025 ஆகஸ்டில் 22 வயது வரையுள்ள இளைஞர்களுக்கு மட்டும் விலக்கு வந்தது. 18-லிருந்து 50 வயது வரை என்று 1944-ல் ஒட்டிய அறிவிப்பைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்த ஊரில், வயதைக் குறிப்பிட்டு ஆண்களுக்கு வருகிற எந்த உத்தரவும் வேறு மாதிரிதான் கேட்கும். இரண்டும் ஒன்றல்ல. இது படையெடுப்பைத் தடுக்கும் நாட்டின் உத்தரவு. காதில் விழும் எண்கள் மட்டும் ஒன்று போல இருக்கின்றன.

'சகோதரத்துவம்' குழாய் வழியாக வந்துகொண்டிருந்த ரஷ்ய எரிவாயு, ஒப்பந்தம் முடிந்து 2025 ஜனவரி 1 அன்று நின்றுபோனது.

உங்க மணியா, எங்க மணியா?

போக நினைப்பவர்கள் கோஷிட்சேயிலிருந்து வெல்கே கபுஷானி வழியாகப் பெரிய செல்மென்ஸ் வரை சாலையில் போகலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த எல்லைக் கதவு இல்லை; பாதி மரக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஊரைப் பார்க்க அரை மணி நேரம் போதும். யாராவது பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தால், அரை நாள்கூடப் போதாது.

மணி என்றதும், இந்த ஊரின் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சோவியத் காலத்தில் சின்ன செல்மென்ஸில் மாஸ்கோ நேரம். வேலிக்கு இந்தப் பக்கம் பகல் 12 மணி என்றால், அந்தப் பக்கம் 2 மணி. சூரியன் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். இப்போது உக்ரைனில் கீவ் நேரம்; ஸ்லோவாகியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். ஆனால் அந்த வட்டாரத்து ஹங்கேரியர்கள் இதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்கும் பஸ்ஸுக்கும் கீவ் நேரம். வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் விருந்துக்கும் புடாபெஸ்ட்டோடு ஒத்துப்போகும் 'உள்ளூர் நேரம்'. சுவரில் மாட்டிய கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டும், செல்போன் கீவ் நேரம் காட்டும்.

அதனால் யாராவது மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கு வரச் சொன்னால், முதல் கேள்வி என்ன சமையல் என்பது இல்லை.

"நம்ம 12-ஆ, கீவ் 12-ஆ?"